ஒரே விடைத்தாள், திருத்தியவரும் ஒருவரே, மதிப்பெண் மட்டும் இரண்டு: தேர்வு எதைத்தான் அளக்கிறது?

#1 சிவப்புமை

பதினெட்டு வருடமாக வரலாற்று விடைத்தாள் திருத்துகிறேன். போன வாரம் நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

திருத்துபவர்களுக்கான பயிற்சி ஒன்றில், பெயரையும் மதிப்பெண்ணையும் மறைத்த நகல்களைக் கொடுத்து ஆளுக்கு ஆறு நெடுவினா விடைகளைத் திருத்தச் சொன்னார்கள். அதில் ஒன்றுக்கு 15-க்கு 11 போட்டேன். நல்ல விடை. விளைவுகளை முதலில் எழுதிக் காரணங்களைப் பின்னால் சொல்லியிருந்தது. வரிசை தலைகீழ்தான், ஆனால் விஷயம் இருந்தது. எல்லோரும் முடித்ததும் மூலத் தாள்களைக் காட்டினார்கள். அந்த விடைக்கு ஏற்கனவே 7 போடப்பட்டிருந்தது. ஓரத்தில் இருந்த சுருக்கொப்பம் என்னுடையது! ஐந்து வாரத்துக்கு முன் நானே திருத்திய தாள். பார்த்த நினைவு துளியும் இல்லை.

வேறொருவர் 7 போட்டிருந்தால், "அவர் கறார், நான் தாராளம்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். இங்கே கறாரும் தாராளமும் ஒரே ஆள். முதல்முறை அந்தத் தாள் கட்டின் அடியில் இருந்ததோ, அதற்கு முந்தைய தாள் பிரமாதமாக இருந்ததோ, எனக்குத் தலைவலியோ, தெரியவில்லை. காரணம் எதுவானாலும் எழுதிய பிள்ளைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

தேர்வை ஒழிக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. மாணவருக்குத் தெரிந்ததைத் தேர்வு நியாயமாக அளக்கிறதா, இல்லையென்றால் கோளாறு எந்த இடத்தில்? நேர்மையாகப் பேசுவோம்.

#2 பின்வரிசை

இதில் பேச என்ன இருக்கிறது? தேர்வு அளப்பது மனப்பாடத்தை. வேதியியலில் 98 வாங்கியவன் நான். இன்றைக்கு மோல் என்றால் என்ன என்று கேட்டால் விழிப்பேன். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் 51. பழுதான எந்த மோட்டாரைக் கொடுத்தாலும் பிரித்து மாட்டுவான். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

#3 வால்நட்சத்திரம்

இரண்டாவது பதிவிலேயே சுரைக்காய் வந்தாச்சு. நான் ஐந்தாவதில் வரும் என்று நினைத்திருந்தேன்.

#4 கணக்கன்

பின்வரிசை நண்பரே, இன்று மறந்துவிட்டது என்பதால் அன்று தெரியவில்லை என்றாகாது. அந்த 98 தேர்வு நாளின் நிலையைச் சொன்னது, இருபது வருடம் கழித்து என்ன மிஞ்சும் என்று அது வாக்குக் கொடுக்கவில்லை. உங்கள் நண்பரின் மோட்டார் திறமையை வேதியியல் தாள் அளக்கவில்லை என்பதும் குற்றச்சாட்டு ஆகாது. தராசில் உயரம் தெரியவில்லை என்று தராசைத் திட்ட முடியுமா?

சிவப்புமை சார் கேட்டது வேறு. அவர் சொன்ன தடுமாற்றம் புதிதல்ல. பிரான்சிஸ் எட்ஜ்வொர்த் என்ற பொருளியலாளர் 1888-லேயே தேர்வு மதிப்பெண்களில் தற்செயல் எவ்வளவு கலந்திருக்கிறது என்று கணக்குப் போட்டுக் கட்டுரை எழுதினார். 1912-இல் அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் ஆங்கிலப் பாட விடைத்தாள்களை 142 ஆசிரியர்களைக் கொண்டு நூற்றுக்குத் திருத்தவைத்தார்கள். ஒரே தாளுக்கு 50-இலிருந்து 97 வரை வந்தது. மொழிப்பாடம் என்றால் அப்படித்தான் என்று பேச்சு எழுந்ததும், அடுத்த வருடம் வடிவியல் தாளை அனுப்பினார்கள். அதில் இடைவெளி இன்னும் மோசம்: 30-க்குக் கீழே தொடங்கி 90-க்கு மேல் வரை. சிலர் விடையை மட்டும் பார்த்தார்கள், சிலர் படிகளை, சிலர் படம் சுத்தமாக இருக்கிறதா என்பதைக்கூட. ஆக, சார், உங்கள் 7-க்கும் 11-க்கும் நூறு வயதுக்கு மேல் ஆகிவிட்டது.

திருத்துவதை ஒதுக்கிவைத்துவிட்டு இன்னொரு இடத்தையும் பாருங்கள். தேர்வு என்பது மாதிரி எடுப்பது. ஒரு வருடப் பாடத்தை மூன்று மணி நேரத்தில் முழுக்கக் கேட்க முடியாது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான். ஆனால் பானை ஒரே சீராக வெந்திருந்தால்தான் அது பொருந்தும். பாடம் அப்படி வேகாது. ஒரு பிள்ளைக்கு நான்காம் அலகு குழைந்திருக்கும், ஏழாம் அலகு அரிசியாகவே இருக்கும். வினாத்தாள் எந்த அலகில் கரண்டி விட்டது என்பதைப் பொறுத்து மதிப்பெண் ஆடும். கேள்வி கூடக்கூட இந்த ஆட்டம் குறையும்.

எவ்வளவு குறையும் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள், தேர்ச்சிக்கு 40 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுமே தெரியாத நூறு பேர் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கிறார்கள். பத்துக் கேள்வி என்றால் சுமார் 22 பேர் தேறிவிடுவார்கள். ஐம்பது கேள்வி என்றால் ஒருவரோ இருவரோதான். சதவீதம் அதேதான், நீளம் மட்டும்தான் மாறியது. பத்துக் கேள்வி வினாடி வினாவை வைத்து யாருக்காவது "இவனுக்கு வராது" என்று முத்திரை குத்துகிறவர்கள் இதை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

#5 பின்வரிசை

சரி, மறதியை விடுங்கள். 98 வாங்கிய அன்றும் எனக்கு மோல் புரிந்திருக்கவில்லை, அது எனக்கே தெரியும். கேள்வியைப் பார்த்ததும் எந்தப் பக்கத்து விடை என்று ஞாபகம் வந்தது, எழுதினேன். இதற்குக் கணக்கன் என்ன சொல்கிறார்?

#6 ஊசலாட்டம்

அதற்கு நான் சொல்கிறேன், நான் இயற்பியல் ஆள்.

ஹார்வர்டில் எரிக் மாசூர் என்ற பேராசிரியர். அவர் மாணவர்கள் கடினமான கணக்குகளை எல்லாம் போட்டு நல்ல மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்தார்கள், தான் நன்றாகப் பாடம் நடத்துவதாக அவரும் நம்பிக்கொண்டிருந்தார். 1990 வாக்கில் எண்களே இல்லாத, கருத்தை மட்டும் கேட்கும் ஒரு தேர்வை அவர்களுக்கு வைத்தார். அந்த வகைத் தேர்வில் வரும் கேள்விக்கு ஓர் உதாரணம்: கனமான லாரியும் சின்னக் காரும் நேருக்கு நேர் மோதுகின்றன, லாரி காரின் மேல் செலுத்தும் விசை அதிகமா, கார் லாரியின் மேல் செலுத்துவது அதிகமா?

இரண்டும் சமம். நியூட்டனின் மூன்றாம் விதியைப் பள்ளியிலேயே ஒப்பிக்காதவர் யார்? ஆனாலும் லாரி என்றதும் கை தானாக லாரிப் பக்கம் போகும். (படிக்கிறவர்களில் எத்தனை பேர் இப்போது லாரி என்று நினைத்தீர்கள் என்று கேட்க மாட்டேன்.) மாசூரின் மாணவர்களில் ஒருவர், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி விடை எழுதுவதா, நான் இதைப் பற்றி நிஜத்தில் நினைக்கிறபடி எழுதுவதா என்று அவரையே கேட்டிருக்கிறார். என் மாணவர்களும் அப்படித்தான் என்பதால் எனக்கு அந்தக் கேள்வி மறப்பதில்லை. தலைக்குள் இரண்டு அறை. ஒன்று தேர்வுக்கு, இன்னொன்று லாரிக்கு. வழக்கமான வினாத்தாள் முதல் அறையின் கதவை மட்டும் தட்டிவிட்டுத் திரும்பிவிடுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மாசூருக்கு இந்தக் குட்டு எப்படி உடைந்தது என்பது. ஒரு தேர்வு வைத்துத்தான். மோசமான கேள்விகள் மறைத்ததை நல்ல கேள்விகள் காட்டிக்கொடுத்தன. பின்வரிசை அவர்களே, உங்களுக்கு மோல் புரியவில்லை என்பதைக் கண்டுபிடிக்கிற கேள்வியைக் கேட்டிருக்க முடியும், யாரும் கேட்கவில்லை.

#7 சிவப்புமை

ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும், ஊசலாட்டம். அப்படிப்பட்ட கேள்வியை எழுதுவது கடினம், திருத்துவது அதைவிடக் கடினம், கேட்டுவிட்டால் "பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி" என்று புகார் வரும். போன வருடத் தாளை ஒட்டிக் கேட்டால் எவரும் வாய் திறக்க மாட்டார்கள். நாங்களும் மனிதர்கள்தான்.

திருத்துவதிலும் இதே கதை. ஆளுக்கு ஆள் மாறக்கூடாது என்று விடைக்குறிப்பை இறுக்கிக்கொண்டே போகிறோம். இந்த ஐந்து குறிப்புச் சொற்கள் இருந்தால் ஐந்து மதிப்பெண். உடனே எல்லோரும் ஒரே மாதிரி திருத்துகிறோம், சந்தோஷம். ஆனால் அந்த ஐந்து சொற்களை உருப்போட்டவனுக்கும் விஷயம் தெரிந்தவனுக்கும் உள்ள வித்தியாசம் காணாமல் போகிறது. சொந்தமாக யோசித்து ஆறாவது காரணம் எழுதிய பிள்ளைக்கு அதற்கு எதுவும் கிடையாது. சீராக அளக்கிறோம், எதை அளக்கிறோம் என்பதை வழியில் தொலைத்துவிட்டு.

#8 இரவுப்பறவை

இங்கே எல்லாரும் ஆசிரியர்கள் போல. நான் இன்னும் தேர்வு எழுதிக்கொண்டிருக்கும் கட்சி.

எனக்குப் பாடம் தெரியும். நண்பர்களுக்கு நான்தான் சொல்லித் தருவேன். ஆனால் போன தேர்வில் முதல் பக்கத்தைத் திருப்பியதும் இரண்டாம் கேள்வியில் மாட்டிக்கொண்டேன். மூளை வெள்ளைத்தாள் ஆகிவிட்டது. இருபது நிமிடம் போயிற்று. அப்புறம் எல்லாம் ஞாபகம் வந்தது, எழுத நேரம் இல்லை. என்னிடம் படித்தவள் என்னைவிட 14 மதிப்பெண் அதிகம். அவள் மேல் கோபம் இல்லை. ஆனால் அந்தத் தாளில் "இவளுக்குத் தெரியாது" என்றும் "இவளுக்கு அப்போது வரவில்லை" என்றும் இரண்டு கட்டம் இருந்தால் நன்றாக இருக்கும்.

#9 வால்நட்சத்திரம்

மூன்றாவது கட்டமும் வேண்டும்: "இவனுக்குத் தெரியாது, ஆனால் முன்னால் இருந்தவனுக்குத் தெரியும்".

#10 மெய்யெழுத்து

இரவுப்பறவை, நீ சொன்னதற்குத் தேர்வுகளை ஆராயும் அளவியல்காரர்களிடம் ஒரு விளக்கம் உண்டு. அளக்க நினைக்காத ஏதோ ஒன்று மதிப்பெண்ணுக்குள் நுழைந்துவிடுவது. கணக்குத் தாளில் கேள்வி ஒரு பத்தி நீளத்துக்கு இருந்தால், அது கணக்கோடு சேர்த்து வாசிக்கும் வேகத்தையும் அளக்கிறது. யாரும் அதைக் கேட்கவில்லை, ஆனாலும் அளக்கிறது.

இது எனக்கு வீட்டு விஷயம். என் மகனுக்கு டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் சிரமம். கேள்வியை நான் வாசித்துக் காட்டினால் மனக்கணக்காகவே பதில் சொல்வான். அவனே வாசித்து எழுத வேண்டும் என்றால் பாதித் தாளில் மணி அடித்துவிடும். இரண்டு வருடம் அவனைக் கணக்கு வராத பிள்ளை என்றே ஒரு பள்ளியில் நம்பினார்கள். நானும் நம்பினேன், அதை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. கூடுதல் நேரம் கிடைத்த முதல் தேர்வில் அவன் மதிப்பெண் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாடம் ஒன்றும் புதிதாகப் படிக்கவில்லை.

கூடுதல் நேரம் சலுகை, மற்றவர்களுக்கு அநியாயம் என்று சிலர் முணுமுணுப்பார்கள். வேகமும் அந்தத் திறமையின் பகுதி என்றால் அவர்கள் சொல்வது சரி. தட்டச்சுத் தேர்விலோ அவசரச் சிகிச்சைப் பயிற்சியிலோ நேரம் முக்கியம், கொடுக்கக் கூடாது. ஆனால் ஒரு தேற்றத்தை நிறுவ மூன்று மணி நேரத்துக்குப் பதில் நான்கு மணி நேரம் எடுத்துக்கொண்டால் தேற்றம் பொய்யாகிவிடுமா? அப்படியானால் அவனுக்கு மட்டும் ஏன், எல்லோருக்குமே நேரத்தைத் தளர்த்தலாமே என்பதுதான் என் கேள்வி. இதற்கு "மண்டபத்தைப் பூட்ட வேண்டும்" என்பதைத் தவிர வேறு பதிலை நான் இதுவரை கேட்டதில்லை.

#11 கணக்கன்

மெய்யெழுத்து சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்கு மறுப்பில்லை. நாளின் நேரத்துக்குக்கூட ஒரு பங்கு இருக்கிறது. டென்மார்க்கில் பள்ளிப் பிள்ளைகள் எழுதிய சுமார் இருபது லட்சம் கணினித் தேர்வுகளை ஆராய்ந்து 2016-இல் ஒரு கட்டுரை வந்தது. நாளில் ஒவ்வொரு மணி நேரம் தள்ளத் தள்ள மதிப்பெண் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தேர்வுக்கு முன் 20, 30 நிமிட இடைவேளை கிடைத்தால் ஏறியது. சின்ன ஏற்ற இறக்கம்தான், பெரிதுபடுத்த வேண்டாம். ஆனால் தேர்ச்சிக் கோட்டின் ஓரத்தில் நிற்கிற பிள்ளைக்குச் சின்னது என்று எதுவும் இல்லை.

#12 பின்வரிசை

எல்லோரும் சுற்றிச் சுற்றி என் இடத்துக்கே வருகிறீர்கள். திருத்துவது தடுமாறுகிறது, கேள்வி மேலோட்டம், பதற்றம் கெடுக்கிறது, நேரம் கெடுக்கிறது. பிறகு ஏன் இதைக் கட்டி அழ வேண்டும்? வருடம் முழுக்கப் பிள்ளையோடு இருக்கும் ஆசிரியருக்குத் தெரியாதா அவனுக்கு என்ன தெரியும் என்று? அவரே மதிப்பெண் கொடுக்கட்டும். செயல்திட்டம் கொடுங்கள், நேரில் கூப்பிட்டுக் கேள்வி கேளுங்கள்.

#13 கணக்கன்

ஆசிரியரே கொடுக்கட்டும் என்பதை ஒரு நாடு விரும்பாமலே செய்து பார்த்துவிட்டது. 2020-இல் தொற்றுநோயால் இங்கிலாந்தில் பள்ளி இறுதித் தேர்வுகள் ரத்து. ஒவ்வொரு மாணவரும் என்ன வாங்கியிருப்பார் என்று ஆசிரியர்களே மதிப்பிட்டு அனுப்பினார்கள். எல்லோரும் கை தாராளமாகப் போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில், பள்ளியின் பழைய முடிவுகளை வைத்து அதைச் சரிசெய்ய ஒரு கணினிச் சூத்திரம். ஆகஸ்ட் 13 அன்று முடிவு வந்தபோது சுமார் 39 சதவீதம் கிரேடுகள் ஆசிரியர் சொன்னதைவிடக் குறைந்திருந்தன. சுமாரான பள்ளியில் படித்த கெட்டிக்காரப் பிள்ளை, தன் பள்ளியில் முந்தைய வருடங்களில் படித்தவர்களின் சுமையைச் சுமந்தது. மிகச் சிறிய வகுப்புகளுக்கு மட்டும் ஆசிரியர் மதிப்பீட்டை அப்படியே ஏற்றார்கள், அத்தகைய வகுப்புகள் தனியார் பள்ளிகளில்தான் அதிகம். தெருவில் போராட்டம், நான்கே நாளில் சூத்திரம் வாபஸ், ஆசிரியர் மதிப்பீடே (சூத்திரம் கூடுதலாகக் கொடுத்திருந்தால் அது) இறுதி என்றாயிற்று. ஏ கிரேடும் அதற்கு மேலும் 2019-இல் சுமார் 25 சதவீதம், 2020-இல் சுமார் 38. ஒரே வருடத்தில் பிள்ளைகள் அவ்வளவு கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டார்கள் என்று நீங்கள் நம்பினால் நான் குறுக்கே நிற்கவில்லை.

ஆசிரியர்கள் பொய் சொன்னார்கள் என்பதல்ல. தெரிந்த பிள்ளை, நல்ல நாளில் எப்படி எழுதும் என்று நினைத்துப் போடுகிறார்கள். தெரிந்த பிள்ளை என்பதுதான் சிக்கலே. அமைதியாக, அடக்கமாக, அழகான கையெழுத்தோடு இருப்பவனுக்கு ஒரு மதிப்பெண் தானாக ஏறும். பின்வரிசைக்கு இது தெரிந்திருக்க வேண்டும், பெயரிலேயே வைத்திருக்கிறாரே.

சீனாவின் அரசுப்பணித் தேர்வில் ஆயிரம் வருடத்துக்கு முன்பே, சோங் அரசர்கள் காலத்தில், இதற்கு ஒரு வழி செய்திருந்தார்கள். விடைத்தாளில் பெயரை மறைத்தார்கள். கையெழுத்தை வைத்தும் அடையாளம் கண்டுவிடக் கூடாது என்று எழுத்தர்களைக் கொண்டு எல்லாத் தாள்களையும் படியெடுத்து, அந்தப் படியைத்தான் திருத்தக் கொடுத்தார்கள். எவ்வளவு செலவு, எவ்வளவு மெனக்கெடல்! தெரிந்தவர் கையில் அளவுகோலைக் கொடுத்தால் என்னாகும் என்று பட்டுத் தெரிந்தவர்கள் செய்த வேலை அது.

நேரில் கேட்பதும் அப்படித்தான். 1845-க்கு முன் அமெரிக்காவின் பாஸ்டன் பள்ளிகளில் பள்ளிக் குழு உறுப்பினர்கள் வந்து வாயால்தான் கேட்டார்கள். ஒருவனுக்கு எளிய கேள்வி, அடுத்தவனுக்குக் கடினமான கேள்வி, பலருக்குக் கேள்வியே கிடையாது. அந்த வருடம்தான் கல்விச் சீர்திருத்தவாதி ஹோரஸ் மான் தரப்பினர் எல்லோருக்கும் ஒரே அச்சிட்ட கேள்விகளைக் கொடுத்து எழுத வைத்தார்கள். எழுத்துத் தேர்வு வந்ததே அநியாயத்தைக் குறைக்கத்தான்.

#14 ஊசலாட்டம்

செயல்திட்டம் பற்றி ஒன்று மட்டும். சில வருடம் முன்பு வரை வீட்டில் செய்துவரும் கட்டுரையில் அப்பா கை எது, பிள்ளை கை எது என்று ஓரளவு கண்டுபிடிப்பேன். இப்போது செயற்கை நுண்ணறிவு எழுதித் தருகிறது. அப்பாக்களைவிட நன்றாகவே எழுதுகிறது. பூட்டிய அறையில் பேனாவும் தாளும் என்ற பழைய ஏற்பாட்டை நான் பழித்துக்கொண்டிருந்தேன், இன்று அதுவே பிள்ளையின் சொந்தச் சரக்கைக் காட்டுகிறது.

#15 பின்வரிசை

அப்பாக்களை இழுக்க வேண்டாம். என் மகளுக்கு எரிமலையின் மாதிரி ஒன்றைச் செய்து கொடுத்தது நான்தான், முதல் பரிசு வாங்கியது. :)

#16 சுண்ணக்கட்டி

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தொடக்கப் பள்ளி ஆசிரியை. தேர்வு என்றால் வடிகட்டி என்றே எல்லோரும் பேசுகிறீர்கள். என் வகுப்பில் தேர்வு அந்த வேலையைச் செய்வதில்லை.

ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் செய்த சோதனை எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு பத்தியைப் படித்த மாணவர்களில் ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டால் மறுபடி படித்தவர்களுக்கு 81 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ்: படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. நினைவிலிருந்து இழுத்து எடுப்பதே கற்பதுதான்.

ஆகவே நான் வாரத்தில் மூன்று நாள் ஐந்து கேள்வி கேட்பேன். மதிப்பெண் பதிவேட்டில் ஏறாது. பிள்ளைகளே திருத்திக்கொள்வார்கள். ஆச்சரியம் என்னவென்றால் யாருக்கும் பயம் இல்லை, பார்த்து எழுதுவதும் இல்லை. எதற்குப் பார்த்து எழுத வேண்டும்? இதே ஐந்து கேள்வியை "இறுதித் தேர்வில் சேரும்" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன் (மேலிருந்து வந்த சுற்றறிக்கை). அன்றைக்கே இரண்டு பேருக்கு வயிற்றுவலி.

#17 இரவுப்பறவை

டீச்சர், நீங்கள் எங்களுக்கும் வாருங்கள்.

தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது பற்றி யாராவது சொல்லுங்களேன். நான் சந்தேகம் இருந்தால் விட்டுவிடுவேன். தோழி எல்லாவற்றையும் குறித்துவிடுவாள். எது சரி?

#18 கணக்கன்

நான்கு விடை, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு என்றால், ஒன்றுமே தெரியாமல் குறிப்பவருக்குச் சராசரியில் லாபமும் இல்லை நட்டமும் இல்லை. அதற்காகவே அந்தப் பின்னம். ஆனால் நான்கில் ஒன்று நிச்சயம் தப்பு என்று தெரிந்தாலே மிச்சம் மூன்றில் ஒன்றைக் குறிப்பது லாபம்: சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்பதில் ஒரு பங்கு மதிப்பெண். இரண்டை நீக்க முடிந்தால் மூன்றில் ஒரு பங்கு. விட்டுவிடுகிறவர் அதை இழக்கிறார். ஆக உங்களுக்கும் தோழிக்கும் இடையிலான அந்த 14-இல் கொஞ்சம் அறிவு அல்ல, துணிச்சல். இனிமேல் ஒன்றை நீக்க முடிந்தாலே குறியுங்கள் தங்கச்சி.

#19 இரவுப்பறவை

இதை எந்த வகுப்பிலும் சொல்லவில்லை!

#20 வால்நட்சத்திரம்

இப்போது இந்த இழையைப் படித்தவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் உள்ள வித்தியாசத்தையும் தேர்வு அளக்கப் போகிறது. வாழ்க.

#21 மெய்யெழுத்து

வால்நட்சத்திரம் விளையாட்டாகச் சொன்னது விளையாட்டல்ல. தேர்வு எழுதும் உத்தி என்று ஒன்று தனியாக இருக்கிறது, அதைக் காசு கொடுத்துக் கற்றுக்கொள்ள முடிகிறது. எல்லோருக்கும் ஒரே தாள், ஒரே நேரம் என்பது மண்டபத்துக்குள் உள்ள நியாயம் மட்டும்தான்.

#22 சிவப்புமை

சரி, என் துறைக்கு வருகிறேன். திருத்துவதைச் சீராக்க விடைக்குறிப்பை இறுக்குவதைத் தவிர வேறு வழியே இல்லையா?

#23 கணக்கன்

ஒன்று இருக்கிறது. மனிதர்களுக்கு "இது 15-க்கு எத்தனை" என்று சொல்வது கடினம், "இந்த இரண்டில் எது மேல்" என்பது எளிது. தர்ஸ்டன் என்ற உளவியலாளர் 1927-இல் இதற்குக் கணிதமே எழுதிவைத்தார். விடைகளை இரண்டிரண்டாகக் காட்டி, பல திருத்துபவர்கள் ஒப்பிட்டு, அத்தனை ஒப்பீடுகளிலிருந்தும் வரிசையைக் கணினி எடுக்கும். கட்டுரைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. ஒவ்வொரு விடையையும் பலர் பார்க்க வேண்டும் என்பதுதான் கஷ்டம்.

மற்றபடி, ஆட்டம் இருக்கும் என்று ஒப்புக்கொள்வது. இங்கிலாந்தின் தேர்வு ஒழுங்காற்று அமைப்பு 2018-இல் தானே ஒரு கணக்கை வெளியிட்டது: மூத்த திருத்துநர் கொடுக்கக்கூடிய கிரேடே ஒரு மாணவருக்கு உண்மையில் கிடைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்று. கணிதத்தில் சுமார் 96 சதவீதம். உங்கள் வரலாற்றில் சுமார் 56. சொன்னதற்காக அவர்களைப் பாராட்ட வேண்டும். எடைக்கல்லில்கூடப் பிழை எவ்வளவு என்று விதி இருக்கிறது, மதிப்பெண் பட்டியலில் ஒருவரும் "62, இரண்டு பக்கமும் 5 ஆடலாம்" என்று அச்சிடுவதில்லை.

என் சண்டை தேர்வோடு அல்ல, அந்த ஒற்றை எண்ணோடுதான். 40 தேர்ச்சி, 39 தோல்வி. இரண்டுக்கும் நடுவில் அளவுகோலால் பார்க்கவே முடியாத ஒரு மயிரிழை. அதன் மேல் ஒரு வருடத்தை ஏற்றிவைக்கிறோம். ஓரத்தில் நிற்பவர்களுக்கு மட்டும் இரண்டாவது தாள், அல்லது இன்னொருவர் திருத்துவது, இதைச் செய்தாலே பாதி அநியாயம் போய்விடும். மொத்தத் தாள்களில் அவை கொஞ்சம்தான்.

#24 பின்வரிசை

இதற்கு நான் கை தூக்குகிறேன். எழுதி வையுங்கள், முதல்முறை.

#25 சிவப்புமை

பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், கட்டு கட்டாகத் தாள்.

இங்கே பேசியதை வைத்து ஒன்று செய்து பார்த்தேன். என் வகுப்பில் எட்டுப் பேரை, தேர்வு முடிந்த மறுவாரம், ஆளுக்கு ஐந்து நிமிடம் உட்காரவைத்து அவர்கள் எழுதிய விடையைப் பற்றியே கேட்டேன். ஏன் அப்படி நடந்தது, நடக்காமல் இருந்திருக்குமா, இந்தக் காரணம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்கும் என்று. ஐந்து பேரிடம் தாளும் வாயும் ஒத்துப்போயின, இது எனக்கு ஆறுதல். ஒரு பையன் 13 வாங்கியவன். மூன்றாவது வாக்கியத்துக்கு மேல் போக முடியவில்லை, அவனுக்கே வெட்கமாகப் போய்விட்டது. ஒரு பெண் 6 வாங்கியவள், எனக்கே தோன்றாத ஒரு காரணத்தைச் சொன்னாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "விடைக்குறிப்பில் இருக்காதே சார்" என்றாள். எட்டாமவன் அன்றைக்கும் தூங்கி வழிந்தான். அவனுக்கு என்ன தெரியும் என்பதை எந்த முறையும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை.

நாற்பது பேரையும் இப்படிக் கேட்க எனக்கு நேரம் கிடையாது. ஆனால் அடுத்த தேர்விலிருந்து ஒவ்வொரு கேள்வியையும் வகுப்பு முழுக்கத் திருத்திவிட்டு அடுத்த கேள்விக்குப் போகிறேன், ஒரு பிள்ளையின் தாளை மொத்தமாக அல்ல. பெயர்ப் பக்கத்தை மடித்துவிடுகிறேன். கட்டைக் கலைத்து அடுக்குகிறேன். விடைக்குறிப்பின் அடியில் "வேறு பொருத்தமான காரணம்" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். மேலே கேள்வி வரும், பார்த்துக்கொள்ளலாம்.

#26 வால்நட்சத்திரம்

சார், ஒன்று கேட்க வேண்டும் என்று முதல் நாளிலிருந்து நினைக்கிறேன். அந்தத் தாளுக்குக் கடைசியில் 7-ஆ, 11-ஆ?

#27 சிவப்புமை

பயிற்சிக்கு வந்தது நகல். மூலத் தாளின் மதிப்பெண் அதற்கு முன்பே பதிவேறிவிட்டது. நான் எழுதிக் கேட்டேன். மறுமதிப்பீட்டுக்கு மாணவர் விண்ணப்பித்தால்தான் கட்டைப் பிரிக்க முடியும் என்றார்கள். கடைசித் தேதி போன வெள்ளிக்கிழமை. விண்ணப்பம் வரவில்லை.

7.